பூப் பறிக்கப் போனோம்

விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்திருப்பதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். பால்காரர் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. தெருநாய்கள்கூடச் சுருண்டு படுத்துக் கிடக்கின்றன. அந்த வேளையில் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. மகள் பிளாஸ்க்கில் காபியை ஊற்றுகிறாள். பேரன் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தேடுகிறான். பேத்தி வாசலில் போய் நின்று, "அம்மாயி, இருட்டு போயிடப் போகுது, சீக்கிரம்!" என்று அவசரப்படுத்துகிறாள். இவ்வளவு அமர்க்களமும் எதற்காக? காசைக் கொடுத்துவிட்டுப் பிறத்தியார் தோட்டத்தில் பூப் பறிப்பதற்காக!

என் மாமியார் இன்று இருந்திருந்தால், "காசு வாங்கிக்கிட்டுப் பறிக்கறதுக்கே ஆள் கெடைக்கறதில்லை. நீ காசு குடுத்துப் பறிக்கப் போறயா அம்மிணி?" என்று கேட்டு, பாக்கை இடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்திருப்பார்.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. என் மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். சென்ற ஆனி மாதம் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பெரியநாயக்கன்பாளையத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். பேத்திக்குப் பதினொரு வயது, பேரனுக்கு ஏழு. வந்த நாலாம் நாள், மாடியில் காற்றாட உட்கார்ந்திருந்தபோது பேத்தி தன் அம்மாவின் போனில் படங்களைக் காட்டினாள். ஒரு படத்தில் ஆப்பிள் தோப்பு. இன்னொன்றில் பூசணிக்காய்க் காடு. மற்றொன்றில் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக டியூலிப் பூக்கள். அங்கெல்லாம் வாசலில் 'நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்' என்று பலகை வைத்திருப்பார்களாம். கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், வேண்டியதைப் பறித்து, வரும்போது எடை போட்டுப் பணம் கட்டிவிட வேண்டுமாம். குடும்பம் குடும்பமாக, சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்களாம்.

நான் எல்லாவற்றையும் வியப்போடுதான் பார்த்தேன். பேரன்தான் கெடுத்தான். "உங்க ஊர்ல இதெல்லாம் கிடையாதா அம்மாயி?" என்று கேட்டுவிட்டான்.

கேட்டானே ஒரு கேள்வி! தோட்டத்துக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டு, தோட்டத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவளைப் பார்த்து!

ஆனால் யோசித்துப் பார்த்தால் குழந்தைமேல் குற்றம் இல்லை. அவன் பார்க்கிற பெரியநாயக்கன்பாளையம் வேறு, நான் 1975-ல் மணப்பெண்ணாக வந்து இறங்கிய ஊர் வேறு. கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், அப்போது மேற்கே குருடிமலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போல இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால், அவினாசிலிங்கம் செட்டியார் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இங்கே அதன் கட்டடத்துக்கு 1934-ல் மகாத்மா காந்தி வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார் என்று ஊரில் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தது. சுற்றிலும் சின்னதும் பெரியதுமாகப் பட்டறைகள் முளைத்தன. ஆனாலும் சாலையை விட்டு நாலு எட்டு உள்ளே போனால் சோளமும் பருத்தியும் வாழையும்தான். கிளுவை வேலிக்கு நடுவே வண்டி போகிற இட்டேரியில் நடந்தால், எந்தத் தோட்டத்தில் முல்லை, எந்தத் தோட்டத்தில் சம்பங்கி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இப்போது அந்த இட்டேரிகளெல்லாம் நகர்களாகவும் அவென்யூக்களாகவும் ஆகிவிட்டன. குழந்தை எதைக் கண்டான்?

அவனுடைய அப்புச்சி, அதாவது என் வீட்டுக்காரர், "சுந்தரபாண்டியபுரம் கூட்டிக்கிட்டுப் போலாமா?" என்றார். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் ஆடி மாதவாக்கில் சூரியகாந்தி பூத்தால், கேரளத்திலிருந்துகூட ஜனங்கள் கார் கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். மைசூர்ச் சாலையில் குண்டலுப்பேட்டைப் பக்கமும் அப்படித்தான். ஓணத்துக்காகப் போடுகிற செண்டுமல்லி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஆனால் அதெல்லாம் பார்ப்பதற்கு. வேலி ஓரமாக நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான். பேரனுக்கோ தன் கையால் பறிக்க வேண்டும்.

வழி சொன்னவள் எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மாள். எனக்குப் பூ கொடுத்து அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். "எங்க சின்னம்மா மக காரமடைப் பக்கம் முல்லைத் தோட்டத்துக்குத்தானுங்க பூ எடுக்கப் போறா. தோட்டக்காரரு தங்கமான மனுசன். கேட்டுப் பாக்கறேனுங்க" என்றாள். மறுநாளே பதில் வந்தது. "வரச் சொன்னாருங்க. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அஞ்சு மணிக்கு முன்னால வந்துரோணுமாம். வெயில் வந்த பிறகு வந்தா, தோட்டத்தைப் பாக்கலாம், பூவைத் தொடக் கூடாதாம்."

குழந்தைகள் குதித்தார்கள். மகளும் குதித்தாள். நான் குதிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து காரமடைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ரங்கநாதர் கோயில் இருக்கிறதே, அந்தக் காரமடைதான். மாசி மாதம் தேர்த் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்த வட்டாரத்துக்கு இன்னொரு பிரசித்தியும் உண்டு. நீங்கள் ரசத்துக்குத் தாளிக்கிற கறிவேப்பிலை இருக்கிறதே, அது ஏக்கர் ஏக்கராக அங்கே விளைகிறது. கறிவேப்பிலை என்றால் காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுப்பது என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? காரின் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்துக்குக் கறிவேப்பிலைக் காட்டைப் பார்த்ததும் என் மகளே அசந்துபோனாள்.

தோட்டத்தில் இறங்கியபோது இன்னும் நன்றாக இருட்டுத்தான். ஆனால் செடிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு வெளிச்சங்கள் மின்மினி மாதிரி அசைந்துகொண்டிருந்தன. பேரன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். பூ எடுக்கிற பெண்கள்தான்! நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் சேலைத் துணியை மடி மாதிரி முடிந்துகொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் இந்த நெற்றி விளக்கு இல்லை. ஒரு கையில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு, அதை வரப்பில் வைத்து வைத்து நகர வேண்டும். பாம்பு இருக்கிறதா, குச்சி கிடக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டு போவோம்.

தோட்டக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். "வாங்கக்கா, வாங்க மாப்பிள்ளை..." என்று வாய் நிறைய அழைத்தவர், பேரனைப் பார்த்து, "ஏனுங் தம்பி, மொட்டுத் தெரியுமா, பூத் தெரியுமா?" என்றார். அவன் விழித்தான். அவர் ஒரு கொடியை இழுத்து, வெளிச்சம் காட்டினார். நேற்றுச் சாயங்காலம் விரிந்துவிட்ட பூ ஒன்று. நாளைக்கு விரியப் போகிற பச்சை மொட்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே, வெளுத்து, நீண்டு, நுனி குவிந்து இருக்கிற மொட்டு ஒன்று. "இதுதான் சாமி இன்னிக்குக் காசு. இதை மட்டும் எடுக்கோணும். பச்சையை எடுத்தா அது விரியாது. நாளைக்கு வர்ற காசும் போயிரும்."

சகோதரிகளே, முல்லையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. நாம் கடையில் முழம் போட்டு வாங்குகிற பூ, பூவே அல்ல, மொட்டு. விடியற்காலையில் பறித்தால் அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இதழ் பிரியும். அதற்குள் அது மூட்டையாகி, கோயமுத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற பூ மார்க்கெட்டுக்குப் போய், ஏலமாகி, சில்லறைக்காரர் கைக்கு வந்து, கட்டுகிறவள் விரலில் சரமாகி, உங்கள் கொண்டைக்கு வந்து சேர வேண்டும். ஒரு பகுதி வாளையாறு தாண்டிக் கேரளத்துக்கே போய்விடும். இவ்வளவு பிரயாணத்துக்கும் அதற்கு இருக்கிற ஆயுசு பன்னிரண்டு மணி நேரம். வெயில் ஏறிய பிறகு பறித்தால் மொட்டு துவண்டு எடை குறையும், வழியிலேயே வாய் திறந்துவிடும். விரிந்த பூவைப் பூக்கடைக்காரர் சீண்ட மாட்டார். சென்ட்டுக்குச் சத்து எடுக்கிற தொழிற்சாலைக்குத்தான் தள்ள வேண்டும். அவர்கள் கொடுக்கிறதுதான் விலை.

நான் முதலில் பறிப்பதாகவே இல்லை. வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்துகொண்டேன். ஆனால் எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? என் மகள் ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளிக் கூடையில் போட்டு, அடுத்த மொட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். பூ எடுக்கிறவள் அப்படிச் செய்ய மாட்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிக்கொண்டே போக, கிள்ளியது உள்ளங்கையில் சேர்ந்துகொண்டே வரும். கை நிறைந்த பிறகுதான் மடியில் போடுவது. இரண்டு கையும் ஒரே சமயத்தில் நடக்கும். கண் அடுத்த கிளைக்குப் போய்விட்டிருக்கும். "இப்படியாடி பறிக்கறது?" என்று எழுந்து போனேன். போனவள் திரும்பி வந்து உட்காரவில்லை.

இருபத்திரண்டு வருஷமாயிற்று. விரல் மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. முழங்கால்தான் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது.

பக்கத்துச் சாலில் எடுத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்கம்மா, நீங்க வேடிக்கை பாக்க வந்தவங்க இல்லைங்க. கையே சொல்லுது" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஏதோ பரீட்சையில் தேறியவளைப் போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சாலில் இறங்கிவிட்டார். அவருக்கு முல்லையைப் பற்றித் தெரியாதது இல்லை. தை கடைசியில் கவாத்துப் பண்ணி, எரு வைத்து, தண்ணீர் கட்டி, சித்திரையில் கொத்துக் கொத்தாய்ப் பூக்க வைப்பதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கிளைக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் போனாலும் செடி சோர்வடையாமல் பார்த்துக்கொள்வார். ஆனால் பூ எடுத்தது கிடையாது. மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை. விடியற்காலையில் ஒன்று அவர் மில்லில் இருப்பார், இல்லாவிட்டால் தூங்குவார். ஷிப்டு இல்லாத நாளில், நான் எடுத்து வைத்த மூட்டையை ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்துக்கொண்டு போய் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருவார். அது ஒரு பெரிய உதவியாகத்தான் அப்போது எனக்குத் தோன்றியது.

ஏழு மணிக்குத் தோட்டத்துச் சாளையின் திண்ணையில் தராசை வைத்தார்கள். எலெக்ட்ரிக் தராசு. பெண்கள் ஒவ்வொருவராக மடியைக் கொட்டினார்கள். என் பக்கத்துச் சால்காரி மூன்றரை மணியிலிருந்து எடுத்தவள்; ஒன்றே முக்கால் கிலோ. பிறகு எங்கள் முறை. மகள், பேத்தி, பேரன் மூன்று பேர் பறித்ததையும் ஒன்றாகக் கொட்டி, அதில் இருந்த இலை, பச்சை மொட்டு, விரிந்த பூ, ஒரு வெட்டுக்கிளி எல்லாவற்றையும் கழித்த பிறகு முந்நூற்றுப் பத்துக் கிராம். நான் எழுநூறு. அப்புச்சி நூற்றைம்பது!

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேத்திக்குக் கணக்கு என்றால் உயிர். பத்துக் கிராம் மொட்டைத் தனியாக நிறுத்து, திண்ணையில் பரப்பி, இரண்டு இரண்டாக எண்ணினாள். நூற்றுப்பன்னிரண்டு மொட்டு. "அப்போ ஒரு கிலோவுக்குப் பதினோராயிரத்து இருநூறு" என்றாள். "எடுக்கறதுக்கு எவ்வளவு தருவீங்க?" என்று தோட்டக்காரரையே கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. கிலோவுக்கு நூறு ரூபாய். குழந்தை சற்று நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தது. பிறகு, "நூற்றுப்பன்னிரண்டு தடவை பறிச்சா ஒரு ரூபாய்" என்று மெதுவாகச் சொல்லிற்று.

யாரும் பேசவில்லை. அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டே, "நாங்க எண்ணறதில்லைங் கண்ணு. எண்ணினா எடுக்க முடியாது" என்றாள்.

தோட்டக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு மார்க்கெட்டில் கிலோ நானூறு ரூபாய். முகூர்த்த நாளில் ஆயிரத்தைத் தாண்டுகிற பூ, எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பூத்துக் கொட்டினால், எடுத்த கூலிக்கே காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் எடுக்காமல் விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டால் பூ செடியிலேயே விரிந்து உதிர்ந்து போகும். நாளைக்கு ஆள் கூப்பிட்டால் வர மாட்டார்கள். ஆள் வேலைக்கு வராமல் போவதுதான் தோட்டக்காரருக்குப் பெரிய பயம். பஞ்சாலைக்கும் பட்டறைக்கும் வேன் வந்து வாசலில் ஏற்றிக்கொண்டு போகிறது. யார் மூன்றரை மணிக்கு எழுந்து பாம்புக்குப் பயந்துகொண்டு வருவார்கள்? எடுத்துக்கொண்டிருந்தவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருத்திகூட இல்லை. இன்னும் பதினைந்து வருஷத்தில் முல்லைச் செடி இருக்கும், தண்ணீரும் எப்படியோ வந்து சேரும். எடுக்கத்தான் விரல் இருக்காது என்றார் அவர்.

மூலையில் இரண்டு சால் புதிதாக வேறு ஒரு ரகம் வைத்திருந்தார். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நட்சத்திர மல்லிகை. முல்லையும் குண்டுமல்லியும் ஓய்வெடுத்துக்கொள்கிற கார்த்திகை, மார்கழிப் பனியிலும் அது பூக்கும். மொட்டும் கொஞ்சம் பெரிது, சீக்கிரம் வாய் திறக்காது. வருஷம் முழுவதும் வேலை இருந்தால் ஆட்களும் வேறு பக்கம் போய்விட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

பணம் கொடுக்கிற நேரம் வந்தது. குழந்தைகள் பறித்த முந்நூற்றுப் பத்துக் கிராமையும் நாங்கள் மார்க்கெட் விலைக்கே எடுத்துக்கொண்டோம். நூற்றிருபத்து நாலு ரூபாய். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. உடனே அவரும் விடாமல், பறித்த கூலி என்று முப்பத்தொரு ரூபாயைப் பேரன் கையில் வைத்தார். என் எழுநூறு கிராமை மூட்டையில் சேர்த்துவிட்டு எனக்கு எழுபது ரூபாய் நீட்டினார். "அட, எனக்கெதுக்குங்க!" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இருபத்தெட்டு வருஷம் பூ எடுத்தவள் நான். சொந்தத் தோட்டம் அல்லவா? சொந்தத் தோட்டத்தில் யார் யாருக்குக் கூலி கொடுப்பார்கள்? பூ எடுத்ததற்காக என் கையில் விழுந்த முதல் காசு அந்த எழுபது ரூபாய்தான்.

நீங்களும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இப்படிப் போவதாக இருந்தால், அனுபவப்பட்டவள் என்ற முறையில் இரண்டொரு விஷயம் சொல்லிவிடுகிறேன். திடீரென்று காரை நிறுத்தி எந்தத் தோட்டத்திலும் இறங்கிவிடாதீர்கள். உங்கள் பூக்காரியைக் கேளுங்கள். அவளுக்குத் தெரியாத தோட்டம் இருக்காது. தோட்டக்காரருக்கு எந்த நாள் சௌகரியம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பெரிய முகூர்த்தத்துக்கு முதல் நாளும், ஓணத்துக்கு முந்தின பத்து நாளும் அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை. பறித்த பூவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் வெந்து போகும். ஈரத் துணியில் தளர முடிந்து, ஓலைக் கூடையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இந்தப் படம் பிடிக்கிற சமாசாரம். நாங்கள் போனதற்கு முந்தின வாரம், கல்யாணத்துக்கு முன் எடுக்கிற படத்துக்காக ஒரு ஜோடி வந்து, பூத்த செண்டுமல்லிப் பாத்தியின் நடுவே உட்கார்ந்து, படுத்து, ஓடி, ஒரு பாத்தியையே பாயாக்கிவிட்டுப் போனார்களாம். கேட்டதற்கு, "பூ மறுபடி பூக்குமே!" என்றார்களாம். பூக்கும்தான். ஒடிந்த செடியில் எப்படிப் பூக்கும்?

திரும்பி வரும்போது பேரன் கூலிப் பணத்தைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். ஊருக்குள் நுழைகிறோம். என் வீட்டுக்காரர் டிரைவரிடம், "தம்பி, அந்த இடது கைப்பக்கம் திருப்புங்க" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கடைக்குப் போவதானாலும் கோயிலுக்குப் போவதானாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்.

கார் ஒரு தார்ச் சாலையில் நின்றது. இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு வீட்டு வாசலில் துணி காய்ந்தது. ஒரு வீட்டில் குக்கர் கூவிற்று. "இங்கேதான் கண்ணு, இந்த மஞ்சள் வீடு இருக்கே, அது கெணறு. அதுலேருந்து அந்தக் கரண்ட்டுக் கம்பம் வரைக்கும் முல்லை. அரை ஏக்கர். அந்தப் பக்கம் சோளம்" என்று பேத்தியிடம் காட்டினார். குழந்தை கண்ணாடி வழியாகப் பார்த்தது. அதற்கு என்ன தெரியும்? மஞ்சள் வீடுதான் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் என் மகள், முன்னால் உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே கேட்டாள்: "என் கல்யாணத்துக்காகத்தானே அம்மா இதை வித்தீங்க?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. இத்தனை வருஷமும் அவள் இப்படியா நினைத்துக்கொண்டிருந்தாள்? கடல் தாண்டிப் போய், இரண்டு குழந்தை பெற்று, ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு வந்தாளா?

உங்களிடம் சொல்வதற்கென்ன, சொந்தக்காரர்களிடமெல்லாம் நாங்கள் சொல்லி வைத்த காரணம் வேறு. 2003-ல் தோட்டத்தை விற்றோம். அந்தச் சமயம் தொடர்ந்து மழை பொய்த்துப் போயிருந்தது. கிணறு வற்றிவிட்டது. எழுநூறு அடிக்குப் போர் போட்டும் புகைதான் வந்தது. கடன் வேறு. இதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அக்கம்பக்கத்தில் இன்னும் ஆழமாகப் போர் போட்டுத் தாக்குப் பிடித்தவர்களும் உண்டு. இவரும் அப்படித்தான் செய்யலாம் என்று சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். "வித்துருங்க" என்று சொன்னது நான். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சொன்னேன்.

எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் நான் விடிந்து எழுந்தது கிடையாது. பிள்ளை பெற்று, பச்சை உடம்பு தேறியதும் மறுபடி சாலில் இறங்கினவள். காய்ச்சல் என்றாலும் மொட்டு காத்திருக்காது. ஊரில் எல்லாரும், "உனக்கென்னம்மா, தினமும் தலை நிறையப் பூ" என்பார்கள். உண்மையில் நான் பூ வைத்துக்கொண்டதே கிடையாது. சாயங்காலம் அந்த வாசனை அடித்தாலே, நாளை விடிகாலை வந்துவிட்டது என்று வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இதை நான் இவரிடம்கூட இப்படி விவரமாகச் சொன்னதில்லை. கிணற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் காலத்தை ஓட்டிவிட்டோம். காரில் வைத்துச் சொல்லிவிட்டேன். "உனக்காக இல்லை கண்ணு. எனக்காக வித்தோம். நான்தான் விக்கச் சொன்னேன்" என்றேன். மகள் கையைப் பின்னால் நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முல்லைக் கறை படிந்து, இரண்டு கையும் பிசுபிசுவென்று இருந்தது.

இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து, "இருபத்தெட்டு வருசமும் இதையா செஞ்சே அம்மிணி?" என்றார்.

"எதை?"

"இடுப்பு இந்த வலி வலிக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பேத்திக்குப் பூக் கட்டக் கற்றுக்கொடுத்தேன். வாழை நாரை நனைத்துக் கிழித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து, விரலில் சுற்றி இழுக்க வேண்டும். முதல் ஒரு முழம் நாரோடு உதிர்ந்தது. இரண்டாவது முழம் தேவலை. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து பேரன் ஒரு மொட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, அது விரிகிறதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று எதிரில் உட்கார்ந்திருந்தான். ஆறரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு வந்தான். திரும்பி வந்து பார்த்தால் விரிந்திருந்தது! அவன் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

பேத்தி தான் கட்டிய சரத்தை என் கொண்டையில் சொருகினாள். நான் தடுக்கவில்லை.

அப்புச்சியைக் காணோமே என்று தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற இத்துனூண்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய முல்லைப் பதியன் ஒன்று. தோட்டக்காரரிடம் எப்போது கேட்டு வாங்கினாரோ, காரில் எங்கே ஒளித்து வைத்தாரோ!

"இதை எதுக்குங்க மறுபடியும்?" என்றேன். "யாரு எடுக்கறது?"

அவர் நிமிரவில்லை. மண்ணை அணைத்துக்கொண்டே, "நான் எடுத்துக்கறேன். நீ தூங்கு" என்றார்.